துப்பாக்கியோடு இருக்கும்போது போலீஸ் நிறுத்தினால்: எதைக் காட்ட வேண்டும், எதைச் சொல்ல வேண்டும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஒஹாயோவில் இருக்கிறீர்கள், கிரீன் கார்டு வந்துவிட்டது, முறைப்படி ஒரு கைத்துப்பாக்கி வாங்கியிருக்கிறீர்கள். காரிலோ தெருவிலோ போலீஸ் நிறுத்தினால் ஐடி காட்டியே ஆக வேண்டுமா, துப்பாக்கி இருப்பதை நாமாகவே சொல்ல வேண்டுமா, அதை அவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளலாமா? எச்-1பி விசாவில் இருக்கும் உங்கள் மச்சான் அடிக்கடி உங்கள் காரில் வருவார், அவருக்கு ஏதும் சிக்கல் உண்டா?

அவசரத்துக்குப் பதில்: கார் ஓட்டும்போது நிறுத்தினால் டிரைவிங் லைசென்ஸ் காட்டியே ஆக வேண்டும். நடந்து போகும்போது, உங்கள்மேல் சந்தேகப்படக் காரணம் எதுவும் இல்லாமல் கேட்டால் காட்ட வேண்டியதில்லை. காரணம் இருந்து நிறுத்தியிருந்தால், ஒஹாயோ சட்டப்படி பெயர், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றைக் கேட்டால் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கி இருப்பதை, அதிகாரி கேட்டால் உண்மையாகச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் சொல்லும் கட்டாயம் 2022 ஜூன் 13 முதல் ஒஹாயோவில் இல்லை. நிறுத்தியது சட்டப்படி சரியென்றால், அந்த நேரத்துக்குத் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்ள அவர்களுக்குப் பெரும்பாலும் அதிகாரம் உண்டு. மச்சான் விஷயம் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன், தயவுசெய்து விட்டுவிடாமல் படியுங்கள்.

நான் வக்கீல் அல்ல; இதே மாநிலத்தில் துப்பாக்கியை மறைத்து வைத்துச் செல்வோருக்கான பயிற்சி வகுப்பு எடுப்பவன். வகுப்புக்கு வருகிறவர்கள் குறிபார்ப்பதைவிட இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். கேட்கும்போது மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். போலீஸ் என்னை நிறுத்தலாமா என்பது ஒன்று. நிறுத்தினால் நான் யார் என்று சொல்ல வேண்டுமா என்பது இன்னொன்று. என்னிடம் துப்பாக்கி இருப்பதைச் சொல்ல வேண்டுமா என்பது மூன்றாவது. முதலாவதை அரசியல் சாசனம் தீர்மானிக்கிறது. மற்ற இரண்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் கேள்விக்கான விடை உங்கள் மாநிலத்திலேயே பிறந்தது. 1963 அக்டோபர் 31 அன்று க்ளீவ்லாந்து நகரத்தில் மார்ட்டின் மெக்ஃபேடன் என்ற துப்பறியும் அதிகாரி சாதாரண உடையில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேர் மாறி மாறி ஒரு கடை ஜன்னலை எட்டிப் பார்ப்பதும் திரும்பி வந்து பேசிக்கொள்வதுமாக இருந்தார்கள். கொள்ளையடிக்க நோட்டம் பார்க்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. நெருங்கிப் போய்ப் பெயர் கேட்டார், முணுமுணுத்தார்கள். ஒருவரைத் திருப்பி நிறுத்தி மேலாடையைத் தடவினார். ஓவர்கோட்டுக்குள் பிஸ்டல் இருந்தது. டெர்ரி வழக்கு என்று பெயர் பெற்ற இதில் 1968-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கைது செய்யும் அளவுக்கு ஆதாரம் இல்லாவிட்டாலும், குற்றம் நடக்கிறது அல்லது நடக்கப்போகிறது என்று நினைக்க எடுத்துச் சொல்லக்கூடிய காரணங்கள் இருந்தால் ஒருவரைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கலாம். அவர் ஆயுதம் வைத்திருக்கிறார், ஆபத்தானவர் என்று நினைக்கக் காரணம் இருந்தால் மேலோட்டமாகத் தடவிப் பார்க்கலாம். வெறும் உள்ளுணர்வு போதாது. இதைத்தான் இங்கே 'நியாயமான சந்தேகம்' என்கிறார்கள்.

அந்தச் சந்தேகமே இல்லாமலும் போலீஸ் உங்களிடம் பேச்சுக் கொடுக்கலாம், ஐடி கூடக் கேட்கலாம். அப்போது அது வெறும் பேச்சு. பதில் சொல்லாமல் நடையைக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. பேச்சா, நிறுத்திவைப்பா என்று தெரியவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "ஆம் ஐ ஃப்ரீ டு கோ?" போகலாம் என்றால் போய்விடுங்கள். இல்லை என்றால் நின்றுவிடுங்கள், வாக்குவாதம் வேண்டாம். அந்தக் கேள்வியும் அதற்கு வந்த பதிலும் பாடி கேமராவில் பதிவாவதே பிறகு உங்களுக்கு உதவும்.

இனி இதன் மையத்துக்கு வருகிறேன். இடுப்பில் துப்பாக்கி இருப்பதே சந்தேகத்துக்குக் காரணமாகுமா?

2000-ஆம் ஆண்டு வந்த ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இதற்கு அடித்தளம். மயாமியில் ஒரு பஸ் நிறுத்தத்தில் கட்டம்போட்ட சட்டை அணிந்த கறுப்பின இளைஞனிடம் துப்பாக்கி இருக்கிறது என்று பெயர் சொல்லாத ஒருவர் போன் செய்தார். போலீஸ் போய்ச் சோதித்தது, துப்பாக்கியும் கிடைத்தது. ஆனாலும் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தச் சோதனை செல்லாது என்றார்கள். துப்பாக்கி என்று வந்துவிட்டால் டெர்ரி விதியைத் தளர்த்திக்கொள்ளலாம் என்று அரசுத் தரப்பு வாதாடியதை அவர்கள் ஏற்கவில்லை.

அடுத்தது டொலீடோ வழக்கு. ஒஹாயோவில் துப்பாக்கி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை. 2010-ல் ஒரு கோடை மாலை. ஒருவர் மனைவி, மகள், பேரன், நாயுடன் தெருவில் நடந்துகொண்டிருக்கிறார். இடுப்பில் கறுப்பு உறையில் செல்போன். பக்கத்திலேயே உறையில் கைத்துப்பாக்கி, வெளியே தெரியும்படி. அப்படி வைத்துக்கொள்வது ஒஹாயோவில் சட்டப்படி சரி. மோட்டார் சைக்கிளில் போன ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. நிறுத்தி ஆட்சேபித்துவிட்டு 911-ஐ அழைத்துவிட்டார். வந்த அதிகாரி துப்பாக்கியை எடுத்துக்கொண்டார், லைசென்ஸ் கேட்டார், கைவிலங்கு போட்டு ரோந்து வண்டியில் உட்கார வைத்தார். கடைசியில் விவரம் தர மறுத்தார் என்று ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பினார். நாயைப் பிடித்துக்கொண்டு குடும்பம் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

அவர் சும்மா விடவில்லை, வழக்குப் போட்டார். 2015-ல் ஆறாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் (ஒஹாயோ உள்ளிட்ட சில மாநிலங்களுக்கான மத்திய நீதிமன்றம்) அவர் பக்கம் நின்றது. வெளியே தெரியத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்லும்போது, அதைப் பார்த்த ஒரே காரணத்துக்காக ஒருவரை நிறுத்திவைப்பது செல்லாது. அவரிடம் லைசென்ஸ் இல்லாமல் இருக்கலாம் என்று ஊகிப்பதும் போதாது. தம்மேல் வழக்கு வராமல் அதிகாரிகள் பொதுவாகப் பதுங்கிக்கொள்ளும் சட்டப் பாதுகாப்பும் அங்கே கிடைக்கவில்லை. சட்டம் என்ன என்று குடிமக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியென்றால், போலீசுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியே என்று நீதிபதி ஜெஃப்ரி சட்டன் எழுதினார். சார்லட் நகர வழக்கு ஒன்றில் நான்காவது சர்க்யூட் 2013-லேயே இதே மாதிரி சொல்லியிருந்தது.

நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, ஆயுதம் ஏந்திச் செல்லும் யாரிடமும் எந்தப் போலீஸ் அதிகாரியும் லைசென்ஸைக் காட்டச் சொல்லலாம். காட்டாவிட்டால் பெயர், முகவரி கேட்கலாம், ஆயுதத்தைப் பறிமுதல் செய்யலாம். அங்கே ஆயுதம் கண்ணில் பட்டதே கேட்பதற்குக் காரணம். இங்கே அது காரணமாகாது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் போலீஸ் கேட்ட உடனே பர்ஸை எடுத்து எல்லாவற்றையும் நீட்டிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் கட்டாயமா விருப்பமா என்று தெரிந்து செய்வது நல்லது.

ஆனால் டொலீடோ வழக்கைப் படித்துவிட்டு மார்தட்டிக்கொள்ளக் கூடாது. அது தெருவில் சும்மா நடந்தவரின் கதை. வேறு காரணத்துக்காக, உதாரணமாக சீட் பெல்ட் போடாததற்காக, உங்களை முறைப்படி நிறுத்திவிட்டால் நிலைமை தலைகீழ். 2017-ல் மேற்கு வர்ஜீனியாவின் ரேன்சன் நகர வழக்கு ஒன்றில் அதே நான்காவது சர்க்யூட் என்ன சொன்னது தெரியுமா? சட்டப்படி நிறுத்தப்பட்டவரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று நினைக்கக் காரணம் இருந்தால் போதும். அவரிடம் துப்பாக்கிக்கான பெர்மிட் (சில இடங்களில் இதையே லைசென்ஸ் என்பார்கள்) இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆபத்தானவர் என்று கருதித் தடவிப் பார்க்கலாம் என்றது. எல்லா நீதிபதிகளும் இதை ஏற்கவில்லை, காட்டமான மாற்றுத் தீர்ப்பும் உண்டு. என் பார்வையில் மாற்றுத் தீர்ப்பே நியாயம். உரிமையைப் பயன்படுத்துகிறவரை அந்த உரிமைக்காகவே ஆபத்தானவர் என்று முத்திரை குத்தினால் அந்த உரிமை எதற்கு? ஆனால் சாலையில் உங்களை நிறுத்தும் அதிகாரி பெரும்பான்மைத் தீர்ப்பை வைத்துத்தான் நடந்துகொள்வார்.

காரில் இன்னும் கூடுதல். 1977-லிருந்தே, முறைப்படி நிறுத்திய காரின் ஓட்டுநரைத் தனிக் காரணம் எதுவும் சொல்லாமல் இறங்கச் சொல்லலாம். அந்தத் தீர்ப்பு வந்த பென்சில்வேனியா வழக்கிலும் இறங்கியவரின் ஜாக்கெட் புடைத்திருந்தது, உள்ளே ரிவால்வர் இருந்தது. பயணிகளையும் இறங்கச் சொல்லலாம் என்று 1997-ல் சேர்த்துவிட்டார்கள். போலீசுக்கு உள்ள முக்கியமான கட்டு நேரம்தான்: டிக்கெட் எழுதி முடிக்கத் தேவையான நேரத்துக்கு மேல், புதுச் சந்தேகம் இல்லாமல் உங்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

இப்போது ஐடி. ஐடி என்றவுடன் எல்லோரும் அட்டையை நினைக்கிறார்கள். சட்டம் பெரும்பாலும் கேட்பது பெயரை. நெவாடாவில் 2000-ஆம் ஆண்டு, ஒரு டிரக்கில் பெண்ணை அடிக்கிறார்கள் என்று வந்த தகவலை வைத்து ஒருவரை நிறுத்திய அதிகாரி, 11 முறை அடையாளம் கேட்டார். அந்த மனிதர் 11 முறையும் மறுத்தார். 250 டாலர் அபராதம். ஹைபல் வழக்கு என்று பெயர் பெற்ற இதை 2004-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. நியாயமான சந்தேகத்தின் பேரில் நிறுத்தப்பட்டவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று ஒரு மாநிலம் சட்டம் போடலாம் என்பதே தீர்ப்பு. அட்டை காட்டியே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. முன்னதாக 1983-ல், 'நம்பத்தகுந்த' அடையாளம் தர வேண்டும் என்ற கலிஃபோர்னியாச் சட்டத்தை, எது நம்பத்தகுந்தது என்று முடிவுசெய்வதை முழுக்கப் போலீஸ்காரர் கையில் விடுகிறது என்று தள்ளுபடி செய்திருந்தார்கள். 1979-ல் எல் பாசோவில் ஒரு சந்தில் நடந்தவரைச் சந்தேகக் காரணமே சொல்லாமல் நிறுத்தி, பெயர் சொல்லவில்லை என்று கைது செய்ததும் செல்லாது என்றாகிவிட்டது.

ஆக, பெயர் கேட்கும் சட்டம் உள்ள மாநிலங்கள் உண்டு, இல்லாத மாநிலங்களும் உண்டு. கலிஃபோர்னியாவில் அப்படிப் பொதுச் சட்டம் இல்லை. டெக்சஸில் நடந்து போகிறவர் வெறுமனே நிறுத்திவைக்கப்பட்டிருக்கும்போது பெயர் சொல்ல மறுப்பது குற்றமல்ல. பொய்ப் பெயர் சொன்னால் குற்றம். எந்த மாநிலமானாலும் இந்த இடத்தில் கவனம் வேண்டும். வாயை மூடிக்கொள்வது வேறு, பொய் சொல்வது வேறு. மௌனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்கலாம். பொய்க்கு எங்கும் கிடைக்காது.

பெயரை ஏன் இவ்வளவு ஆர்வமாகக் கேட்கிறார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பெயரைக் கம்ப்யூட்டரில் போட்டால் பிடிவாரண்ட் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். 2016-ல் யூட்டா வழக்கு ஒன்றில், நிறுத்தியதே சட்டவிரோதம் என்றாலும், பெயரைப் போட்டதில் ஒரு பழைய டிராஃபிக் வாரண்ட் வந்துவிட்டதால் அதன்பின் கிடைத்த ஆதாரம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. கட்டாத டிக்கெட் ஏதாவது இருந்தால் இன்றைக்கே கட்டிவிடுங்கள்.

மூன்றாவது கேள்வி, துப்பாக்கி இருப்பதைச் சொல்வது. பெர்மிட் இல்லாமலே மறைத்து வைத்துக்கொள்ள 29 மாநிலங்கள் அனுமதிக்கின்றன. ஒஹாயோவும் அதில் ஒன்று, 21 வயது நிரம்பி, துப்பாக்கி வைத்திருக்கத் தடைசெய்யப்பட்டவராக இல்லாமல் இருந்தால். ஆனால் சொல்லும் கடமை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பக்கத்து மிச்சிகனில் போலீஸ் நிறுத்திய உடனே, கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அபராதமும் உண்டு, லைசென்ஸும் முடக்கப்படும். வட கரோலினாவில் பெர்மிட் வைத்திருப்பவரும், அலாஸ்காவில் மறைத்து வைத்திருக்கும் எவரும் இதேபோல் தாமாகச் சொல்ல வேண்டும். டெக்சஸில், லைசென்ஸ் பெற்றவர் துப்பாக்கியோடு இருக்கும்போது போலீஸ் ஐடி கேட்டால் டிரைவிங் லைசென்ஸோடு துப்பாக்கி லைசென்ஸையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஃபுளோரிடாவில் பெர்மிட் வேண்டாம் என்று 2023-ல் ஆகிவிட்டாலும், மறைத்துத் துப்பாக்கி வைத்திருப்பவர் ஐடி கையில் வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். டொலீடோவில் வசிப்பவர் அரை மணி நேரம் ஓட்டினால் மிச்சிகனுக்குள் போய்விடுவார். கோட்டைத் தாண்டியதும் கடமை மாறிவிடும்.

ஒஹாயோவிலும் 2022 வரை 'உடனடியாக' சொல்லியாக வேண்டும் என்றுதான் இருந்தது. எத்தனை நொடிக்குள் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. 2011-ல் கேன்டன் நகரில் ஒரு டேஷ் கேமரா வீடியோ வெளிவந்து நாடு முழுக்கப் பரவியது. பெர்மிட் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுநர் சொல்ல முயல்கிறார். அதிகாரி பேச விடவில்லை. பிறகு துப்பாக்கி இருப்பது தெரிந்ததும், முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கொன்றுவிடுவதாக மிரட்டுகிறார். அந்தச் சட்டம் மாறியது நல்லது. இப்போதைய விதி தெளிவு: கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், கைகளைத் தெரியும்படி வையுங்கள், துப்பாக்கியைத் தொடாதீர்கள், உத்தரவுக்குக் கீழ்ப்படியுங்கள்.

சரி, கட்டாயம் இல்லை என்றால் சொல்லாமலே இருந்துவிடலாமா? இங்கேதான் சட்டமும் சாலையும் பிரிகின்றன. ஃபிலாண்டோ கஸ்டீலைப் பற்றிப் பேசாமல் இதற்குப் பதில் சொல்ல எனக்கு மனம் வராது.

2016 ஜூலை 6, மினசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸ். கஸ்டீலுக்கு வயது 32. செயின்ட் பால் நகரப் பள்ளி ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. முறைப்படி பெர்மிட் பெற்றவர். பிரேக் லைட் எரியவில்லை என்று ஜெரோனிமோ யானெஸ் என்ற அதிகாரி நிறுத்தினார். பக்கத்தில் தோழி, பின்சீட்டில் அவருடைய நான்கு வயது மகள். லைசென்ஸும் இன்சூரன்ஸும் கேட்டார். கஸ்டீல் இன்சூரன்ஸ் அட்டையைக் கொடுத்தார். பிறகு மரியாதையாக, "சார், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும்" என்றார். மினசோட்டாவில் கேட்டால்தான் சொல்ல வேண்டும். அவர் கேட்கும் முன்பே சொன்னார். எடுக்காதே என்றார் அதிகாரி. எடுக்கவில்லை என்றார் கஸ்டீல், தோழியும் அதையே சொன்னார். அடுத்த கணம் ஏழு குண்டுகள். சொன்னதற்கும் சுட்டதற்கும் நடுவில் சில நொடிகள்தான். 2017 ஜூன் 16 அன்று ஜூரி யானெஸை விடுவித்தது.

சட்டம் கேட்டதற்கு மேலேயே செய்த ஒரு மனிதர் அந்தச் சீட்டிலேயே சுடப்பட்டு, உயிரை இழந்தார். அவர் கறுப்பினத்தவர் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு இதைப் பேச முடியாது; பேசுகிறவர்கள் நேர்மையாகப் பேசவில்லை. துப்பாக்கி உரிமைக்காக ஓயாமல் குரல் கொடுக்கும் அமைப்புகள் அன்று அவருக்காக அதே குரலில் பேசவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. மாநிற மேனியோடு, வேறு உச்சரிப்போடு பேசும் நாமும் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும்.

அவர் எந்த நேரத்தில் எதைச் சொன்னார் என்று கவனியுங்கள். லைசென்ஸ் கேட்டிருக்கிறார்கள், கை அதைத் தேடிப் போகிறது, அதே சமயம் துப்பாக்கி என்ற சொல் காதில் விழுகிறது. இதை அவர் தப்பு என்று நான் சொல்லவில்லை, தப்பு சுட்டவருடையது. ஆனால் வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பது முழுக்க இந்த இடத்தைச் சுற்றித்தான். வலது கைப் பழக்கம் உள்ளவர் துப்பாக்கியை வலது இடுப்பில், சற்றுப் பின்பக்கமாக வைப்பார். பர்ஸ் எங்கே? பேண்ட்டின் வலது பின் பாக்கெட்டில். இரண்டுக்கும் நடுவே நான்கு விரல் அகலம். நாற்காலியில் உட்காரவைத்து லைசென்ஸ் எடுங்கள் என்பேன். உடம்பு இடப்பக்கம் சாயும், வலது முழங்கை பின்னால் போகும், சட்டை நுனி தூக்கும். ஜன்னலுக்கு வெளியே நிற்பவர் கண்ணுக்குப் பர்ஸ் எடுப்பதும் துப்பாக்கி எடுப்பதும் ஒரே அசைவு. எதிரே உட்கார்ந்து பார்க்கும் மாணவர்களே திடுக்கிடுவார்கள். அதனால் துப்பாக்கியோடு வண்டி ஓட்டுகிற நாளில் லைசென்ஸ், பெர்மிட், இன்சூரன்ஸ் மூன்றையும் சன் வைசரிலோ டேஷ்போர்டில் கிளிப் போட்டோ வைத்துவிடுங்கள். க்ளோவ் பாக்ஸில் துப்பாக்கியையும் ரெஜிஸ்ட்ரேஷனையும் ஒன்றாக வைக்கவே வைக்காதீர்கள்.

பின்னால் விளக்கு சுழன்றதும் வலப்பக்கம் ஒதுக்குங்கள், எஞ்சினை அணையுங்கள், இரவென்றால் உள்விளக்கைப் போடுங்கள், ஜன்னலை இறக்குங்கள், இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல். அவர் ஏதாவது எடுக்கச் சொல்வதற்கு முன்பே, கை அசையாத நிலையில், "எனக்கு மறைத்து ஆயுதம் வைத்துக்கொள்ள லைசென்ஸ் இருக்கிறது, இப்போது வைத்திருக்கிறேன், நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பவர் அந்தப் பகுதியை விட்டுவிட்டு மீதியைச் சொல்லலாம். 'கன்' என்ற சொல்லைத் தவிர்க்கிறோம். பின்னால் நிற்கும் இன்னொரு அதிகாரியின் காதில் அந்த ஒரு சொல் மட்டும் விழுந்தால் அவர் என்ன செய்வார் என்று சொல்ல முடியாது. ஒஹாயோ லைசென்ஸ் வாங்கியவர்களின் விவரம் எப்படியும் நம்பர் பிளேட்டைத் தட்டும்போது போலீஸ் திரையில் வந்துவிடும். அவருக்கு முன்பே தெரிந்திருக்கலாம் என்ற நினைப்போடு பேசுங்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் இதைச் சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. பயிற்சியாளர்களிலேயே சிலர் கேட்டால் மட்டும் சொன்னால் போதும் என்பார்கள். கார் நிறுத்தத்துக்கு மட்டும் நான் இதைச் சொல்கிறேன். தெருவில் நடக்கும்போது யாரும் கேட்காமல் அறிவிக்கத் தேவையில்லை.

துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிட்டதால் மற்ற உரிமைகளை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடாது. காரைச் சோதிக்கட்டுமா என்று கேட்டால், "சம்மதிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் மாட்டேன்" என்று சொல்லலாம். மறுக்க உரிமை உண்டு என்று அவர்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று 1973-லேயே தீர்ப்பாகிவிட்டது. அதனால் நீங்கள்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எங்கே போகிறீர்கள், எங்கிருந்து வருகிறீர்கள் போன்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். சும்மா வாயடைத்து உட்காராமல், மௌனமாக இருக்கும் உரிமையைப் பயன்படுத்துகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் இருந்த மௌனத்தை ஒருவருக்கு எதிராகவே பயன்படுத்தலாம் என்று 2013-ல் ஒரு தீர்ப்பு வந்தது. துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றால் விட்டுவிடுங்கள். நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள்; அவரே எடுக்கட்டும், உங்கள் கை ஸ்டீயரிங்கிலேயே இருக்கட்டும். அவர் செய்வது தவறு என்றால் அதற்கான இடம் நீதிமன்றம். டொலீடோக்காரர் வென்றது தெருவில் வாதாடி அல்ல, ஐந்து வருடம் கழித்துத் தீர்ப்பில். வீட்டுக்கு வந்ததும் நேரம், இடம், வண்டி எண், சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் எழுதிவைத்து, பாடி கேமரா பதிவைக் கேட்டு உடனே விண்ணப்பியுங்கள். அந்தப் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது துறைக்குத் துறை மாறும்.

மாநில எல்லையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நம்மவர்களுக்கு நியூ ஜெர்சியில் சொந்தக்காரர்கள் இல்லாத வீடு குறைவு. நியூ ஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் துப்பாக்கி லைசென்ஸையும் ஏற்பதில்லை. 2013 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஷனீன் ஆலன் என்ற இரண்டு குழந்தைகளின் தாய் அங்கே நிறுத்தப்பட்டார். பென்சில்வேனியா பெர்மிட் இருக்கிறது, துப்பாக்கியும் இருக்கிறது என்று அவராகவே நேர்மையாகச் சொன்னார். கைது செய்தார்கள், பல வருடச் சிறை அவர் தலைக்கு மேல் தொங்கியது. நாடே பேசிய பிறகு சிறை தவிர்க்கப்பட்டது, 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். உங்களுக்கு அப்படி நடந்தால் மன்னிப்புவரை காத்திருக்க முடியாது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்ற கிரீன் கார்டுக்காரரை நாடு கடத்த குடியேற்றச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. நியூ ஜெர்சியின் எடிசனுக்குப் போகிறீர்கள் என்றால் துப்பாக்கியை வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போங்கள். வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கும் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு, நடுவில் ஒன்றைக் கடந்து போவதானால் 1986-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கைகொடுக்கும்: குண்டுகள் இறக்கப்பட்டு, கை எட்டாத டிக்கியில் இருக்க வேண்டும், டிக்கி இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டியில், க்ளோவ் பாக்ஸும் கன்சோலும் கணக்கில் வராது.

கிரீன் கார்டுக்காரராக உங்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் தம் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது மத்தியச் சட்டம். பல வருடங்களாக யாரும் கண்டுகொள்ளாமல் இருந்தது, இப்போது கண்டுகொள்கிறார்கள். கிரீன் கார்டு லாக்கரில் இருக்கக் கூடாது, பர்ஸில் இருக்க வேண்டும்.

இனி மச்சான். எச்-1பி, எச்-4, எஃப்-1, சுற்றுலா விசா எதில் இருந்தாலும், குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ குண்டோ கைவசம் வைத்திருப்பது மத்தியக் குற்றம். மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்கும் முன் குடியேற்ற வக்கீலிடம் கேட்க வேண்டும். கைவசம் என்றால் கையில் பிடித்திருப்பது மட்டுமல்ல. தெரிந்தே, தான் நினைத்தால் எடுக்கும் நிலையில் வைத்திருப்பதும் கைவசம்தான். மச்சான் உங்கள் காரை இரவல் வாங்கி ஓட்டும்போது க்ளோவ் பாக்ஸில் உங்கள் துப்பாக்கி இருந்து, அது அவருக்குத் தெரிந்தும் இருந்து, போலீஸ் நிறுத்தினால், இவ்வளவு நேரம் நான் எழுதிய எதுவும் அவரைக் காப்பாற்றாது. அவர் வேலையும், விசாவும், வருங்கால கிரீன் கார்டும் அந்த ஒரு பெட்டிக்குள் போய்விடும். வீட்டில் அவர் தங்கினாலும் பெட்டகத்தின் எண் அவருக்குத் தெரியக் கூடாது.

சும்மா ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் நாலு குண்டு சுடச் சொல்லலாமே என்றால், அதுவும் கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து ஃபுளோரிடாவுக்குப் படிக்க வந்த ரெஹைஃப் என்ற மாணவர், கல்லூரி அவரை நீக்கிய பிறகு, ஒரு சுடும் ரேஞ்சில் துப்பாக்கி எடுத்துச் சுட்டதற்காகத்தான் மத்திய நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். அவர் வழக்கு சுப்ரீம் கோர்ட்வரை போய், தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-ல் தீர்ப்பு வந்தது. எச்-1பியில் இருப்பவருக்குத் தன் விசா என்னவென்று தெரியாது என்று யாரும் வாதாட முடியாது. ரேஞ்சுக்கு நீங்கள் மட்டும் போங்கள். மச்சானைக் காரில் ஏற்றும் நாளில், அவர் ஓட்டும் வாய்ப்பு கொஞ்சமும் இருந்தால், துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.